துஷியின் கன்னத்துக் கறுப்புப் பொட்டு

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிற எல்லோரும் என் மனைவி பக்கம்தான். நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் கடைசி, ஒக்டோபர் மாதம். சுவிஸ் நாட்டில், சோலோதுர்னில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு. அன்றைக்கும் மனிதனைப் படுக்க விடாமல், மலையடிவாரக் காட்டில் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய் நிற்கிறதாம், படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டுமாம் என்று மனைவி ராணி ஒரே பிடிவாதம். காட்டுக்குப் போகப் பட்டுச்சேலை வேறு. நாலு வயது மகள் துஷிக்கு மினுங்குகிற சட்டை, நாவூறு படாமல் இருக்கக் கன்னத்தில் சதக் குற்றிக் காசு அளவில் கறுப்புப் பொட்டு. ஊரிலிருந்து வந்த, தேங்காய்ச் சிரட்டையில் காய்ச்சி உறையவிட்ட பொட்டு அது, தண்ணீர் தொட்டுக் குழைத்துத்தான் வைக்கலாம்.

பஸ்சில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பிள்ளையின் கன்னத்தையே பார்த்துக் குசுகுசுத்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. சட்டைப்பைக்குள் இருந்த லேஞ்சியை எச்சிலில் நனைத்து, பொட்டு முழுக்கப் போகும்வரை அழுத்தித் துடைத்தேன். துஷி வீரிட்டு அழுதாள்.

“உமக்கு விசரே? பிள்ளையில ஊத்தை எண்டு நினைக்குதுகள்,” என்று ராணியைப் பேசினேன்.

“துடையுங்கோ, நல்லாத் துடையுங்கோ. பிள்ளைக்கு ஏதும் நடந்தா அப்ப தெரியும்,” என்றாள்.

காடு உண்மையிலேயே வடிவுதான், ஆனால் யாருக்கு ரசிக்க மனம்? ஒவ்வொரு மரத்தின் கீழும் ராணி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு படம் எடுத்தேன், பிள்ளையை அவள் பார்க்கிறாள் என்று நான் நினைக்க, நான் பார்க்கிறேன் என்று அவள் நினைக்க, திரும்பினால் துஷி இல்லை.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், அந்த அரை மணித்தியாலத்தில் என் ஆயுளில் பாதி போய்விட்டது. கீழே ஒரு சின்ன ஆறு. அதில்தான் விழுந்திருப்பாள் என்று கரையோடு ஓடி ஓடி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ராணி பாதையோடு மற்றப் பக்கம் ஓடினாள். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாய் மேட்டில் ஏறிப் பார்த்தால், ஒரு பெரிய மஞ்சள் மரத்தடியில் பிள்ளை காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறாள். அழவும் இல்லை. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. இன்னும் காயாத ஈரப் பொட்டு.

“ஆரம்மா வச்சது?” என்றாள் ராணி.

“அப்பா.”

ராணி பார்த்த பார்வை இருக்கிறதே! துடைத்ததற்கு மனம் கேளாமல் நானே சிரட்டையை ஒளித்துக் கொண்டுவந்து, பிள்ளையைக் கண்டதும் வைத்துவிட்டு, பிறகு தேடுகிற மாதிரி நடித்தேனாம். கடவுளே, சிரட்டை வீட்டில் பூட்டின அலுமாரிக்குள், பூட்டின் திறப்பு அவளுடைய கைப்பைக்குள்! அதைச் சொன்னால், “சரி சரி, உங்களுக்கும் பயம் எண்டு ஒத்துக்கொள்ளுங்கோவன்,” என்கிறாள். பிறந்தநாள், கலியாணம் என்று எங்கே போனாலும் இந்தக் கதைதான். சத்தியம் பண்ணினேன், கத்தினேன், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். ஒருவரும் நம்பவில்லை.

போன வருடம் துஷி தன் குழந்தையோடு வந்திருந்தாள். ராணி வழக்கம்போலத் தொடங்க, எனக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, நீயே சொல்லு. நான் வச்சனானோ?”

“ஓம் அப்பா, நீங்கள்தான். அசையாம இரு எண்டு சொல்லி எனக்குப் பக்கத்தில இருந்தனீங்கள். அப்ப கீழ ஆத்தடியில நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கத்துறதும் கேட்டது. அது ஆரப்பா எண்டு கேட்டனான்.”

“அதுக்கு?”

“அதுவும் நான்தான், இப்ப வந்திடுவன் எண்டு சொன்னனீங்கள்.”

ராணி சிரிக்கவில்லை. இத்தனை வருடமாய் அவள் என்னை நம்ப வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். இப்போது நம்புகிறாள். காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.