தோற்றவனுக்குத் திரும்பாத டெபாசிட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று "பாக்கியநாதன்" என்று சொன்னாலும் செக்யூரிட்டி எழுந்து நிற்பான். இதைச் சொல்வது வேறு யாருமில்லை, பாக்கியநாதனேதான். ஆனால் பொய்யில்லை. மூணாங்கிளாஸோடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்பு மூட்டை தூக்க வந்த ஆள். இன்றைக்கு அறுபத்திரண்டு வயதில் சொந்தமாக ஸ்கிராப் யார்டு, ரெண்டு குட்டியானை வண்டி, மாடி வைத்த வீடு. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு காந்தம். இரும்பா, ஸ்டீலா என்று அடுத்தவன் தலையைச் சொறிவதற்குள் இவர் ஒட்டிப் பார்த்து விலை சொல்லிவிடுவார்.

ஏலத்துக்கு முன்னால் கம்பெனிக்காரன் நீட்டும் கண்டிஷன் காகிதத்தை மட்டும் அவர் படித்ததே கிடையாது. "காயிதத்தப் பாக்கறவன் கிளார்க்கு. சரக்கப் பாக்கறவன் மொதலாளி" என்பார். கீழே கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் முழ நீளத்துக்கு.

இப்பேர்ப்பட்ட ஆள் கண்ணில்தான் போன கிறிஸ்துமஸ் சமயத்தில் செல்போனில் ஒரு ஆன்லைன் ஏலம் பட்டது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, புத்தம் புதுசு. ஏலம் தொள்ளாயிரம் ரூபாயில் நிற்கிறது. முடிய நாலே நிமிஷம். உள்ளே சேர ஒரே ஒரு ரூபாய். ஏலம் நடத்தத் தெரியாத பசங்க, பாவம் என்று சிரித்துக்கொண்டே ரகசிய நம்பரை அழுத்திச் சேர்ந்தார். சரக்கைப் பார்க்காமலா சேர்ந்தார் என்று யாரும் கேட்டுவிட முடியாது. போட்டோவை ரெண்டு விரலால் பெரிசாக்கி, டயர் தேய்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

ஃபோர்க்லிஃப்ட் யாருக்கோ போய்விட்டது. மூன்றாம் நாள் அக்கவுண்டிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போனது. விவரமில்லாதவன் பதறியிருப்பான். பாக்கியநாதனுக்கு ஏல வழக்கம் அத்துப்படி. கம்பெனி ஏலத்தில் கலந்துகொள்ள முதலில் டெபாசிட் கட்டணும். தோற்றவனுக்கு அது ரெண்டு மூணு மாசம் கழித்து அப்படியே திரும்பி வரும். முப்பது வருஷத்தில் ஒரு பைசா குறைந்ததில்லை. இதுவும் அந்த டெபாசிட்தான். தோற்றாகிவிட்டது, வந்துவிடும்.

அடுத்த மாசமும் அதே பணம் போனது. அது பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று, ஒரு ஏலத்தில் ஜாக்கிரதையாகக் கேட்டு, ஜாக்கிரதையாகத் தோற்றார். மூன்றாம் மாசமும் அப்படியே. தோற்பதற்கு இவ்வளவு பாடுபட்ட ஏலக்காரன் திருவள்ளூர் ஜில்லாவிலேயே இருக்க மாட்டான்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை மனசுக்குள் பூட்டிவைக்க முடியுமா? டீக்கடையில் லோகுவிடம் அவிழ்த்துவிட்டார். லோகு சோழவரத்துக்காரர். அதே தொழில், ஏலத்துக்கு ஏலம் எதிரி.

"ஆன்லைன்ல மூணு டெபாசிட் போட்டு வச்சிக்கிறேன் லோகு. அடுத்த ஃபோர்க்லிஃப்ட்டு தொள்ளாயிரத்துக்கு எறங்கப் போவுது. நீ தராசப் புடிச்சிக்கினே குந்திக்கினு இரு."

"தொள்ளாயிரமா? அதுக்கு டயருக்குக் காத்து புடிக்கவே பத்தாதேண்ணே."

"அதான் நீ இன்னும் சோழவரத்துலயே கீற."

லோகு சிரித்தார். ஆனால் அந்த சைட்டின் பேரை ரெண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

பங்குனி வெயிலோடு நிஜ ஏலமும் வந்தது. கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் வருஷ ஸ்கிராப் காண்ட்ராக்ட். அது கிடைத்தால் வருஷம் பூரா யார்டில் ஆளுக்கு வேலை. கிடைக்காவிட்டால் ரெண்டு குட்டியானையும் வேப்பமர நிழலில் படுத்துக் கிடக்கும். டெபாசிட் ஐம்பதாயிரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் ஆன்லைனில் ஏறணும். செவ்வாய்க்கிழமையே அக்கவுண்டில் ஐம்பத்தோராயிரத்து இருநூறு போட்டு வைத்துவிட்டார் பாக்கியநாதன்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு யார்டு ஷெட்டில் உட்கார்ந்து பணத்தை அனுப்பினார். பேலன்ஸ் போதாது என்றது போன். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது.

"பேங்குக்காரன் பேஜாரு பண்றான் பூவு!"

எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் பூவம்மாள், பைபிள் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினாள். மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இன்னாய்யா இது, மாசாமாசம் ரெண்டாயிரத்துக்கு ஒரு ரூபா கொறச்சலா போய்க்கினே கீது? நேத்திக்கும் போயிருக்குது."

"அது டெபாசிட்டு. தோத்தா திரும்பி வரும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஏலம்னா அதான்."

"ரசீது குடுத்தானா? ஆபீசு எங்க கீது? வாசல்ல ஒரு வாட்ச்மேனாச்சும் கீறானா?"

பாக்கியநாதன் காந்தத்தை உள்ளங்கையில் உருட்டினார். பூவம்மாள் அந்த சைட்டைத் திறந்தாள். கொட்டை எழுத்தில் 'ஒரு ரூபாய்'. அதற்கடியில் சாம்பல் நிறத்தில், கொசுக்கால் மாதிரி ஒரு வரி. சத்தமாக வாசித்தாள். "மூன்றாம் நாள் முதல் உறுப்பினர் கட்டணம் மாதம் 1,999 ரூபாய், நீங்களாக நிறுத்தும்வரை. கட்டிய தொகை திரும்பத் தரப்படாது."

பாக்கியநாதன் அந்த வரியை ரெண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"ஒரு ரூபாய்க்கு நம்பர் அமுக்குனியே, அப்பவே மாசாமாசம் நீயே எடுத்துக்கோன்னு பர்மிசன் குடுத்துட்ட. நாளைக்கு எடுக்கப் போறேன்னு மெசேஜ் வேற அனுப்பிக்கிறான்."

"லோன் வேணுமான்னு கேக்கறான்னு வுட்டுட்டேன்."

நிறுத்தப் போனால், 'எங்களை விட்டுப் போகிறீர்களா?' என்று ஒரு மஞ்சள் மூஞ்சி அழுதது. அதன் கீழே பெரிய பச்சைப் பட்டன், 'இருக்கிறேன்'. அதற்கும் கீழே கண்ணுக்கே படாமல், 'விலகுகிறேன்'. மூன்று தரம் அழுதது, மூன்று தரமும் பூவம்மாள் இரக்கப்படவில்லை. அதோடு விடாமல், பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய், குடுத்த பர்மிசனையும் ரத்து செய்தாள்.

"கொறையறது எவ்ளோ?"

"எழுநூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றார், மாடி வீட்டுக்காரரான பாக்கியநாதன்.

"என் அக்கவுண்டுலேருந்து போடறேன். ஆனா இனிமே காயிதம் எது வந்தாலும் நான் படிச்சப்புறம்தான் உன் முழ நீளக் கையெழுத்து."

மூன்று நாற்பத்தாறுக்கு டெபாசிட் ஏறியது. மூன்று நாற்பத்தெட்டுக்கு பாக்கியநாதனின் நெஞ்சும் பழையபடி நிமிர்ந்தது. அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. லோகு. மூஞ்சியில் ஈயாடவில்லை.

"அண்ணே, அந்த ஃபோர்க்லிஃப்ட்டு சைட்டு... எனக்கும் புடிச்சிட்டான். கம்பெனி டெபாசிட் கட்ட ரெண்டாயிரம் கொறையுது. டப்பு கையில கீது, அக்கவுண்டுல இல்ல. பேங்குக்குப் போறதுக்குள்ள நாலாயிடும்."

பாக்கியநாதன் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார். எதிரி ஒழிந்தான். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"அடடா லோகு, நம்ம கையில இன்னா கீது..." என்று அவர் இழுக்கும்போதே, கம்பெனியின் கண்டிஷன் காகிதத்தைக் கையில் எடுத்திருந்த பூவம்மாள் கேட்டாள்.

"இந்த ஏலத்துக்கு எத்தினி பேரு?"

"நானு, லோகு, பொன்னேரிக்காரன் ஒருத்தன்."

"மூணு பேருக்குக் கொறஞ்சா ஏலமே ரத்து, ஸ்கிராப்ப வெளியூர்க்காரனுக்குக் குடுத்துருவோம்னு போட்டுக்கிது."

மூன்று ஐம்பத்திரண்டு.

"பூவு! இன்னா பாத்துக்கினு நிக்கற? லோகுவுக்கு ரெண்டாயிரம் அனுப்பு, சீக்கிரம்!"

லோகுவின் டெபாசிட் ஏறும்போது நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எதிரிக்குக் குடுக்கற மனசு யாருக்குண்ணே வரும்?"

"கஷ்டப்பட்டு மேல வந்தவன்டா நானு. அடுத்தவன் கஷ்டத்தப் பாத்துக்கினு என்னால சும்மா இருக்க முடியாது" என்றார் பாக்கியநாதன். பூவம்மாள் இருமினாள்.

லோகுவின் போனிலும் அந்த மஞ்சள் மூஞ்சி அழ ஆரம்பித்தது. லோகுவின் விரல் பச்சைப் பட்டனுக்குப் போனது.

"பச்சைய அமுக்காத" என்று கையைத் தட்டிவிட்டார் பாக்கியநாதன். "கீழ கொசுக்கால் மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு, அதப் படி. காயிதத்தப் படிக்காத ஆளுங்க எல்லாம் எதுக்குடா ஏலத்துக்கு வரீங்க?"