துணி காயப் போட்ட ஆன்டெனா

அந்த ஆன்டெனாவைக் கட்டியவன் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. மோகனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் ஹாம் ரேடியோ அறை; வானொலி அலையில் வெளியூர்க்காரர்களோடு பேசும் பொழுதுபோக்கு. அதன் ஜன்னலில் தொடங்கி, வேப்பங்கிளை மேல் ஏறி, மொட்டை மாடிக் குழாயில் முடியும் இருபது மீட்டர் கம்பி. ஒரு முனையில் மட்டும்தான் இணைப்பு. மறுமுனையை நைலான் கயிற்றால் குழாயில் கட்டி, நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி என்று, தோலுரித்த செம்பை அப்படியே முறுக்கி விட்டிருந்தேன்.

கட்டிய அன்றே என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, இதுல துணி காயப் போடலாமுங்களா?"

"போடு அம்மிணி. வெறும் கம்பிதான், ஒண்ணும் பண்ணாது."

அப்போது நான் சொன்னது உண்மை. என்னிடம் கேட்கும் பெட்டி மட்டுமே இருந்தது. பிறகு பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, பேசும் பெட்டியும் வாங்கினேன். பேசும்போது அந்தச் சும்மா தொங்கும் முனையில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்; தொட்டால் சுட்டுவிடும். பரீட்சையில் எழுதினேனே தவிர, அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. படித்து என்ன பிரயோஜனம்?

ஒரு ஞாயிறு காலை பேசிக்கொண்டிருந்தபோது பெட்டியின் மீட்டர் முள் திடீரென ஏறியது. ஈரப் புடவை கம்பியில் விழுந்திருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஜாயின்ட் விட்டுப்போச்சு, சனியன், என்று திட்டியபடி, முள் இறங்குகிறதா பார்க்க மைக்கில் பேசும் பொத்தானை மறுபடி நன்றாக அழுத்திப் பிடித்தேன். மேலே, புடவையை இழுத்துவிடும்போது அந்த முனையைத் தொட்டவள் அலறினாள்.

வலது கைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையாக இரண்டு பொட்டு. ஜாக்கெட் தைப்பவள், ஊசி பிடிக்கும் விரல்கள் அவை. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புண் ஆறிவிட்டது. கம்பியைக் கைக்கு எட்டாத உயரத்தில் மூங்கிலில் கட்டி, முனைக்கு உறை போட்டுவிட்டேன். துணிக்குத் தனிக் கொடியும் கட்டினேன். இனி பயமில்லை என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இன்றும் துணி வாளியோடு படிக்கட்டின் கீழே நின்று கேட்கிறாள்.

"மேல போலாமுங்களா?"

போ என்று அறைக்குள்ளிருந்து சொன்னால் போக மாட்டாள். நான் பெட்டியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து அவள் கண்ணில் பட வேண்டும். அதன் பிறகுதான் முதல் படியில் கால் வைக்கிறாள்.