தலையில் கால் முளைத்த அன்னம்

என் மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் உள்ளங்கையளவு பட்டுத்துண்டு ஒன்று இருக்கிறது. அரக்கு நிறத்தில் ஜரிகை அன்னம். கழுத்துவரை ஒழுங்காக வந்து, தலை இருக்கவேண்டிய இடத்தில் மறுபடி இரண்டு கால்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில், தறிக்கு டிசைன் ஓட்டும் கணினிப் பெட்டிக்கு நிரல் எழுதும் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. நாங்கள் எழுதிய நிரல்மொழியில், நினைவகத்தில் இருப்பதை இரவல் வாங்கினால் அந்த இரவல் எதுவரை செல்லும் என்று அறிவிக்கவேண்டும். அறிவிப்பு தப்பானால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் பிழை காட்டி நிறுத்திவிடும். டிசைனின் ஒரு வரி நெய்து முடிந்ததும் அதன் இரவலும் முடியும்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன். டீம் லீடருக்குப் பொறுமை இல்லை. "அது கத்தினா வாய அடைச்சிட்டுப் போய்க்கினே இரும்மா" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் நிரந்தரம் என்று அறிவித்தார். பிழைகள் மறைந்தன. நெய்து முடித்த வரிகளோ நினைவகத்தை விட்டுப் போகவேயில்லை.

முதல் பெட்டியை வாங்கியவர் என் பெரியப்பா. முகூர்த்தப் புடவை பாதியில் இருக்கும்போது நினைவகம் நிரம்பி, பெட்டி தானாக அணைந்து, டிசைனை முதல் வரியிலிருந்து தொடங்கிவிட்டது. கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "இன்னாபா இது, அன்னத்துக்குத் தலையில கால் முளைச்சிருக்குது?" லீடர் கூசாமல் என்னைக் காட்டினார். "உங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுதாங்க." நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. துண்டை என் முன்னால் வீசிவிட்டுப் போன பெரியப்பா பிறகு என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கூறைப்புடவை அவர் தறியில்தான் நெய்வது வழக்கம். எனக்கு நெய்யவில்லை. கடையில் வாங்கிய புடவையோடு மணையில் உட்கார்ந்தபோது லீடரை வயிறெரிந்து சபித்தேன். அந்த எரிச்சலை நான் ஆறவிடவேயில்லை.

இந்த மாதம் அந்த லீடர் வேலை கேட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இப்போது நான் இருக்கும் கம்பெனியில் ஆள் எடுப்பது நான்தான். அதே பிழையைத் திருத்தக் கொடுத்தேன். நிரந்தரம் என்று போட்டுவிட்டு நிமிர்ந்தார். சட்டத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது யார் எழுதினது சார்?"

அன்னத்தையும் தான் போட்ட வரியையும் மாறிமாறிப் பார்த்தார். "நான்தாம்மா."

என் கைபேசியில் அழைத்தால் பெரியப்பா எடுக்கமாட்டார். ஆபீஸ் போனில் அழைத்து, பேச்சு வெளியே கேட்கும்படி வைத்தேன். "இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க சார்." வேலை கிடைக்கும் என்ற ஆசையில் சொன்னார், என்மேல் தப்பில்லை என்று என் பெயரையும் சேர்த்து. மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"வேலை இல்ல சார். போலாம்."

கதவு சாத்தியதும் அன்னத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.