மூச்சு வாங்குகிறதா? இல்லவே இல்லை

'வாழ்க்கைத் தரம்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். துபாயின் தேரா பகுதியில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம். அங்கே ஒரு மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவில் நான் நர்ஸ். எங்கள் பிரிவில் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மூச்சுக் கோளாறு ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்கும் ஆங்கில 'வாழ்க்கைத் தர'க் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் பெயர்த்திருந்தார்கள். தமிழிலும் அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே தமிழ் பேசுகிறவள் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரியான நான் ஒருத்திதான். வேலை என் தலையில் விழுந்தது.

விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். கேள்வியை உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும். விளக்கக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். உடம்பு அப்படியே இருந்தால் பதிலும் அப்படியே இருக்க வேண்டுமாம். இருந்தால் கேள்வித்தாள் நம்பகமானது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆட்கள் கம்பெனி வேனில் வந்தார்கள். எல்லோருடைய ஹெல்த் கார்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு கேம்ப் பாஸ் கூடவே வந்தார். தொழிலாளர் தங்கும் இடத்துக்கு அவர்தான் ராஜா. நான் கேள்வி கேட்கும் அறையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் அழைத்து வரவில்லை என்றால் நமக்கு ஆளே கிடைக்காது என்றார்.

அரியலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். மார்பிள் அறுப்பவர். கண் இமையில்கூட வெள்ளைத் தூசி. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று வாசித்தேன். "இல்லவே இல்ல" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவிலேயே ஒரு முறை மூச்சு வாங்கினார். ராத்திரி தூக்கம் கெடுகிறதா? இல்லவே இல்லை. வேலை செய்யச் சிரமமா? இல்லவே இல்லை. அவருக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதி விதிதான் என்று வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

பிறகு மருந்துப் புகை பிடிக்க அவரை உள்ளே கூட்டிப்போனேன். கேம்ப் பாஸ் அங்கே வர முடியாது. மாஸ்க்கைக் கழற்றியதும் அவராகவே மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். மெடிக்கல்ல என்ன சொல்லணும்னு ரூம்ல எல்லாருக்கும் தெரியும். அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விட்ருவான். பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேந்துருக்கு."

அப்போதுதான் விளங்கியது. விசாவுக்காக எடுக்கும் மெடிக்கல் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த பரிசோதனை. ஆஸ்பத்திரி முத்திரையோடு எந்தத் தாள் வந்தாலும் அவர்களுக்கு அது மெடிக்கல்தான். அறுக்கும் வேலையிலிருந்து மாற்றிவிட்டால் போதும், எந்த வேலை என்றாலும் செய்வேன் என்றார். அதை எங்கே போய்க் கேட்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அரியலூர்க்காரர் இரண்டாவது முறை வந்தபோது, பார்க்கிங் கிடைக்காமல் கேம்ப் பாஸ் வேனிலேயே தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இதில் பேர் கிடையாது, இது கம்பெனிக்குப் போகாது என்று மட்டும் சொல்லிவிட்டு வாசித்தேன். அவர் கொட்டித் தீர்த்தார். படியேற முடியாது. படுத்தால் நெஞ்சு அடைக்கிறது, சுவரில் சாய்ந்தேதான் தூங்குகிறார். மூச்சு நின்றுவிடுமோ என்று எப்போதும் பயம்.

டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதில்கள் ஒத்துப்போகவில்லை, இவரை நீக்கிவிடலாம் என்றார். இரண்டாவதுதான் உண்மை என்று சண்டை போட்டேன். நான் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றார். ஆளையே உள்ளே கூப்பிட்டேன், நீங்களே கேளுங்கள் என்றேன். அதற்குள் கேம்ப் பாஸ் வந்து வாசலில் நின்றுவிட்டார். டாக்டரம்மா இந்தியில் கேட்டார். மனிதர் வாசலைப் பார்த்தார். ஒரு கஷ்டமும் இல்லை மேடம் என்றார். முதல் தாள்தான் சரி என்று டாக்டரம்மா பேனாவை மூடினார்.

நான் வாதாடுவதை விட்டேன். கஷ்டமே இல்லை என்கிறாரே, மூன்று மாடிதானே, இவரோடு படியில் இறங்கி ஏறி வரலாம் வாருங்கள் என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். இறங்கியாகிவிட்டது. ஏறும்போது முதல் திருப்பத்திலேயே மனிதர் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப்போயிருந்தது. டாக்டரம்மா அதே படியில் உட்கார்ந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு சிகிச்சைக் குறிப்பு எழுதினார். அன்ஃபிட் என்ற சொல் மட்டும் வரக் கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். தூசியில்லாத இடத்தில் வேலை கொடுக்கவும் என்று எழுதினார். கொஞ்ச நாளில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ஆனால் அவர் தாள் நீக்கியது நீக்கியதுதான். விதியை மாற்ற முடியாது என்றார் டாக்டரம்மா. மற்றவர்களின் பதில்கள் இரண்டு முறையும் அச்சு அசலாக ஒத்துப்போயின. பயம் இரண்டு வாரத்தில் மாறுமா என்ன? கேள்வித்தாள் தமிழில் மிகவும் நம்பகமானது என்று முடிவு எழுதி, கேக் வெட்டினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சில மாதம் கழித்து மருந்து வாங்க அவர் வந்தார். இப்போது படுத்துத் தூங்குகிறாராம். போகும்போது நின்று கேட்டார்.

"சிஸ்டர், நான் உண்மையச் சொன்ன அந்தப் பேப்பரு பத்திரமா இருக்கா?"

"பொய் சொன்னதெல்லாம் பத்திரமா இருக்குண்ணே" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.