இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் ஒரு கிட்னி

எங்கள் ஆஸ்பத்திரியின் கிட்னி மாற்று லைசென்ஸ் ரினியூவல் நெருங்கிய நேரத்தில்தான் முருகனுக்கு டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் இடமில்லாமல் போயிற்று. கழுத்தில் டியூப் போட்டு ஓட்டினோம். அதிலும் அடிக்கடி குளிர்காய்ச்சல். நான் அப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர்; உறுப்பு மாற்று ஏற்பாடுகளெல்லாம் என் பொறுப்பு.

முருகன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், தெற்கத்திக்காரர். கிட்னி தர அவர் அம்மா பேச்சியம்மாள் தயார். டெஸ்ட் பொருந்தியது, அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் முருகனுக்கு இதயத்தின் பம்பிங் குறைவு. இதய டாக்டர், ரிஸ்க்தான், ஆனாலும் செய்யலாம் என்றார்.

ரினியூவலுக்குச் சோதிக்க வருகிற குழுவினர், நாங்கள் மாற்றிய கிட்னிகளில் ஒரு வருடம் கழித்து எத்தனை வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். நல்ல விதிதான். கண்டபடி கத்தி வைப்பவர்களுக்குக் கடிவாளம் வேண்டும். எங்கள் மேனேஜருக்கோ அது வேறு மாதிரி புரிந்தது.

"சிஸ்டர், இவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம பர்சென்டேஜ் போயிருமுங்க. ரினியூவல் முடியட்டுங்க."

"அதுவரைக்கும் அவரு உசுரோட இருக்கோணுமில்லீங்க?"

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சுருங்க."

"ரெண்டு எடத்துல வேண்டாம்னுதானுங்க இங்க வந்திருக்காரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நர்சிங் படிக்கும் முன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான். சரக்கு வாங்கும் பையர் வருகிற அன்று டேமேஜ் பீஸை எல்லாம் மூட்டை கட்டி டேபிளுக்கு அடியில் தள்ளிவிடுவோம். மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அவரும் சந்தோஷமாகப் போவார். நேராக சர்ஜன் அறைக்குப் போனேன்.

"சார், நாம திருப்பி அனுப்பற ஆளு செத்தா எந்தப் பர்சென்டேஜ்லயும் வரமாட்டாருங்க. டேமேஜ் பீஸ டேபிளுக்கு அடியில தள்ளலாம். இவர எங்கீங்க தள்ளறது?"

சர்ஜன் எக்கோ ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். "பெயிலாச்சுன்னா நாமதான் பதில் சொல்லோணும் சிஸ்டர்."

"சொல்றேனுங்க."

சர்ஜன் தேதி குறித்தார். ஆபரேஷன் நடந்தது. கிட்னி உடனே வேலை செய்யவில்லை. அந்த நிலையில் இன்ஸ்பெக்‌ஷன் குழு வந்து சேர்ந்தது. முருகனை வேறு வார்டுக்கு மாற்றிவிடச் சொன்னார் மேனேஜர். இன்ஃபெக்‌ஷன் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். மாற்றுகிற பேச்சை விட்டுவிட்டார்.

குழுவில் வந்த டாக்டர் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக முருகனைப் பார்த்தார். "ஹார்ட் இப்படி இருக்கு. இவரை எதுக்கும்மா சேத்துக்கிட்டீங்க?"

நான் வாய் திறக்கும் முன்பே, கதவருகே நாற்காலியில் இருந்த பேச்சியம்மாள் சொன்னார்: "வேற யாரும் சேத்துக்கிடலய்யா."

டாக்டர் அடுத்த வார்டுக்கு நடந்தார்.

சில நாளில் முருகனுக்குச் சிறுநீர் இறங்கியது. அன்று நான் அழுதேன். லைசென்ஸும் வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சக்சஸ் ரேட் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். யாரையெல்லாம் திருப்பி அனுப்பினோம், ஏன் அனுப்பினோம் என்பதையும் கூடவே சொல்லுங்கள். அதை யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள்.