ஏலகிரி போய் வந்த தோல் வார்

என் தம்பிக்கு வலது கால் எது, இடது கால் எது என்று தெரியாது. அவனைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஏலகிரி மலைக்கு அழைத்துப் போனார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது வெள்ளைக்காரன் காலம். ஆம்பூரில் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் பள்ளிக்கூட மைதானம். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். டிரில் வாத்தியாரின் விசில் கேட்டால் துலக்குகிற பாத்திரத்தைப் போட்டுவிட்டு, துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்ப்பேன். ரைட் டர்ன், லெஃப்ட் டர்ன் எல்லாம் எனக்கு அத்துப்படி. தம்பியோ எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் திரும்பி, பக்கத்துப் பையன் மூக்கில் இடிப்பான்.

கால் தப்பாமல் நடக்கிறவர்களுக்குத்தான் மலை என்று வாத்தியார் சொல்லிவிட்டார். தம்பி என்னிடம் வந்து அழுதான். அப்பா தோல் மண்டியில் குமாஸ்தா. வீட்டில் துண்டுத் தோல் கிடக்கும். ஆட்டுத் தோலில் ஒரு வார் அறுத்து அவன் வலது கணுக்காலில் கட்டினேன். ரைட் என்றால் தோல் கால், லெஃப்ட் என்றால் வெறுங்கால். சாயங்காலம் தோறும் கொல்லையில் நான் கத்துவேன், அவன் நடப்பான். ஒரு வாரத்தில் தேறிவிட்டான்.

என்னையும் அவனோடு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு மலையில இன்னா வேல?" என்றார். சோற்றிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். வாத்தியார் அந்த வாரைக் காட்டி, இது யார் யோசனை என்று தம்பியைக் கேட்டார். கொஞ்சமும் கூசாமல் தன்னுடையதுதான் என்றான், படுபாவி. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டி அவனை முதல் வரிசையில் நிறுத்தினார்.

ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் நடை. போய்த் திரும்பியவன் கால் வலிக்கிறது என்று முனகினான். அம்மா அவன் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். அந்தக் கால்வலிமேல்கூட எனக்குப் பொறாமை. மலைமேலிருந்து பார்த்தால் நம்ம ஊர் தெரியுமா என்று கேட்டேன்.

"நான் பாக்கலக்கா. மேல போனதும் தூங்கிட்டேன்" என்றான். பிறகு வாரை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். "இந்தா, உன்னோடது. மலையில எங்கயும் அவுக்கவே இல்ல."

கையில் வாங்கிப் பார்த்தேன். முடிச்சில் செம்மண் ஒட்டியிருந்தது. செத்துப்போன ஆடுகூட ஏலகிரி ஏறிவிட்டது. எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.