பலூன் வெளியில் காணாமல்போன கட்டை

பலூன் வெளியில் இருந்த கொங்கிறீட் கட்டைகளால் எங்களுக்குப் பல உபயோகங்கள் இருந்தன. மாடு கட்டலாம், ஆடு கட்டலாம், உடுப்புக் காயப்போடக் கொடி இழுக்கலாம். கிரிக்கெட் விளையாடும்போது ஒன்று விக்கெட். இன்னொன்று, ஆட்டமிழந்தவன் கோபித்துக்கொண்டு போய் உட்காரும் இடம். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் விரல் தடிப்பில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. மாட்டுக் கயிற்றுக்கு அது வாய்ப்பாக இருந்ததால், வேறு எதற்காக இருந்தது என்று எவரும் அதிகம் யோசிக்கவில்லை.

வெளியின் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட பகுதி இவ்வளவுதான். உலக யுத்தக் காலத்தில் துறைமுகத்தைக் காப்பதற்காக வெள்ளைக்காரர் பெரிய பெரிய பலூன்களை இரும்புக் கம்பியில் கட்டி ஆகாயத்தில் மிதக்கவிட்டார்கள். கம்பியில் இறக்கை மாட்டிவிடும் என்ற பயத்தில் யப்பான்காரரின் விமானங்கள் பதிந்து பறக்கமாட்டாவாம். அந்தப் பலூன்களுக்கு வாயு நிரப்பவும், ஏற்றவும், இறக்கவும், காற்று அடிக்கும்போது பிய்த்துக்கொண்டு போகாமல் கட்டிவைக்கவும் படையாட்களைப் பழக்கிய இடம், சீனக்குடாவுக்குப் போகும் பாதையோரம் இருந்த எங்கள் வெளி. ஒரு பலூன் கம்பியை அறுத்துக்கொண்டு போய்த் தோப்பூர் வயலில் விழுந்ததென்றும், அங்கே உள்ளவர்கள் அதன் வெள்ளித் துணியை வெட்டி மழைக்குப் போர்த்துக்கொண்டார்களென்றும் சொல்வார்கள். அந்தத் துணியைக் கண்டவர் எங்கள் குடியிருப்பில் எவரும் இல்லை. கண்டவரைக் கண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

மாமாவின் கதையில் வெள்ளைக்காரர்கள் பலூனுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து யப்பானைப் பார்த்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு அடுத்ததாக, கிடுகு வேலிக்கு அப்பால் மாமியுடன் குடியிருந்தார். அப்பா கட்டாரில் வேலையில் இருந்ததால், எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை செய்யவேண்டிய அலுவல்கள் எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டவர். அம்மா அவரிடம் எதையும் கேட்பதில்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், கச்சான் காற்று தொடங்கிய கிழமையில், கிராம சேவகர் அந்தச் செய்தியோடு வந்தார். பழைய பலூன் வெளி அரசாங்கத்துக்குத் தேவைப்படுகிறது. வெள்ளைக்காரரின் கட்டைகள்தான் எல்லை. அந்த எல்லைக்குள் நிற்கும் வீடும், எல்லைக்கோடு தொடுகிற வீடும் எழும்பிப் போகவேண்டும். வெளியே நிற்பவற்றுக்குக் காணிப் பெர்மிட் கொடுபடும். நில அளவைக்காரர் சீக்கிரம் வருவார்.

அன்றிலிருந்து குடியிருப்பில் எவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கச்சான் பகல் முழுவதும் மணலை வாரி அடித்தது, கதவுகள் அடித்துக்கொண்டன, மனிதர்கள் ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்குப் போய் அதே கதையைக் கேட்டுவிட்டு வந்தார்கள். நாளைக்கு வருகிறார்கள் என்று காலையில் ஒரு கதை வரும். வரவே மாட்டார்கள் என்று மத்தியானம் இன்னொன்று வரும். அம்மா றங்குப்பெட்டியைத் திறந்து உடுப்புகளை அடுக்குவார். பின்னேரம் அவற்றை எடுத்து அலுமாரியில் வைப்பார். அடுத்த நாள் திரும்பவும் அடுக்குவார். சண்டைக்குப் பயந்து சொந்த ஊரான கட்டைபறிச்சானை விட்டு வெளிக்கிட்ட பிறகு அம்மா குடியிருந்த இடங்களை எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும்: பள்ளிக்கூட வகுப்பறை, கோயில் மடம், பெரியம்மா வீட்டு விறாந்தை, தகரக் கொட்டில், பிறகு இந்த வீடு. இந்த வீட்டில்தான் முதன்முதலாகச் சுவருக்கு ஆணி அடித்தோம்.

மாமாவுக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டைகளில் பாதிக்கு மேல் மணலுக்கும் பற்றைக்கும் கீழே மறைந்துபோயிருந்தன. வெளியே தெரிந்தவை எல்லாம் எங்கள் வீடுகளுக்கு மேற்கே, எட்டத்தில் நின்றன. எல்லாவற்றையும் கிண்டியெடுத்து, வெள்ளை அடித்து, பளிச்சென்று நிறுத்திவிட்டால், வருகிறவர் ஒரு பார்வையிலேயே எல்லை அங்கே, வீடுகள் இங்கே என்று கண்டுகொண்டு திரும்பிவிடுவார் அல்லவா? குடியிருப்பு முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. சும்மா இருந்து காத்திருப்பதைவிட மண்வெட்டி பிடிப்பது எல்லோருக்கும் சுகமாக இருந்தது.

அம்மா மட்டும் வேலியடியில் நின்று, "தம்பி, கிடக்கிறதைக் கிண்டாதை," என்றார்.

"அக்காவுக்கு எல்லாத்துக்கும் பயம்," என்று மாமா மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய சுண்ணாம்பு வந்தது. ஆண்கள் கிண்டினார்கள், பெண்கள் பற்றை வெட்டினார்கள், எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, தும்புக்கட்டையால் வெள்ளை அடிக்கும் வேலை. கச்சானில் சுண்ணாம்பு அடித்த கையோடு காய்ந்தது. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் எப்போதும் ஒன்றுபோல இருந்ததால், இரண்டாம் நாள் மாமா தேடுவதை நிறுத்திவிட்டார். கவடு வைத்து, அடிகளை எண்ணி நடந்துபோய் நின்று, காலால் மண்ணைத் தட்டி, "இஞ்சை கிண்டு" என்பார். கட்டை இருக்கும். சனம் அவரை ஒரு விதமான மரியாதையுடன் பார்க்கத் தொடங்கியது.

ஆனால் கட்டைகள் நேர்கோட்டில் போகவில்லை. மேற்கே போனவை வடக்கே திரும்பின. வடக்கே போனவை மெல்லக் கிழக்கே வளைந்தன. தெற்குப் பக்கத்திலும் அப்படியே. வெள்ளைக்காரர் வைத்தது வேலி அல்ல, வட்டம் என்பது தெரியவந்தது. இரண்டு பக்கத்தாலும் வந்த வெள்ளைப் புள்ளிகள் எங்கள் வீட்டை நோக்கி நடந்துவருவதுபோல இருந்தன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம், எல்லோரும் போன பிறகு, வடக்குப் பக்கத்துக் கடைசிக் கட்டையிலிருந்து மாமா கவடு வைத்தார். நான் சுண்ணாம்பு வாளியோடு பின்னால் போனேன். அவர் எங்கள் குசினியின் பின்சுவரில் போய் முட்டி நின்றார். சுவரைப் பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு தடவை நடந்து வந்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய்க் குசினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் எப்போதும் முற்றத்தில் நின்றே தேத்தண்ணி வாங்கிக் குடிப்பவர். எங்கள் குசினிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

உள்ளே அம்மா தன்னுடைய வழக்கமான இடத்தில், சாக்கு விரித்த கட்டையில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டையை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இங்கே வந்தது மாரி மழையில். வெளி முழுவதும் சேறாகக் கிடந்தபோது சேறில்லாத ஒரு துண்டு இடம் அதுதான். அம்மா அதில் குந்தியிருந்துதான் முதல் உலையை வைத்தார், பிறகு மேலே நாலு கிடுகு ஏறியது, சுவர் வந்தது, அதிலிருந்து கிழக்கே வீடு வளர்ந்தது. வெளியில் நின்ற கட்டைகளுக்கு அது சொந்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்குள் இருந்தபடியால் அது அம்மியைப்போல வீட்டுச் சாமான்.

மாமா சாக்கின் ஒரு மூலையைத் தூக்கினார். வளையம் இருந்தது.

"இப்பதான் தெரியுமோ?" என்று அம்மா கேட்டார்.

சொல்லியிருக்கலாமே என்று மாமா முனகினார். சம்மட்டி கொண்டுவந்து உடைத்துவிடட்டுமா என்றார். சத்தத்துக்கு ஊரே வந்து நிற்கும் என்றார் அம்மா. அப்படியென்றால் மற்றக் கட்டைகளைத் திரும்ப மூடிவிடலாம் என்றார் மாமா. சுண்ணாம்பு பூசித் திருவிழாப்போல நிறுத்தியதைச் சந்தியால் பஸ்ஸில் போகிறவன்கூடப் பார்த்துவிட்டான் என்றார் அம்மா.

"நீ செய்தது காணும், தம்பி. இனிக் கையைக் கட்டிக்கொண்டு நில்."

அன்றிலிருந்து மாமா எங்கள் முற்றத்துக்கு வருவதை விட்டார். வேலிக்கு அப்பால் இங்கும் அங்கும் நடப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. றங்குப்பெட்டி நிரம்பித் திறந்தபடியே கிடந்தது; அம்மா அதிலிருந்து ஒன்றையும் எடுக்கவும் இல்லை, அதை மூடவும் இல்லை.

நில அளவைக்காரர் ஒரு காலை நேரத்தில் வந்தார். வயதானவர், சிங்களவர், வெயிலில் கறுத்த மனிதர். கூட ஓர் உதவியாளர். மூன்று காலில் நிற்கும் கருவியையும், சிவப்பு வெள்ளைக் கம்பையும் இறக்கியபோது பிள்ளைகள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். பலூன் திரும்ப வரப்போகிறது என்று நான் இரண்டொருவருக்குச் சொல்லியிருந்தேன். கருவியைக் கண்டதும் அது உறுதியாயிற்று. வெள்ளை அடித்த கட்டைகளைப் பார்த்து அவர் வாயைத் திறந்து சிரித்தார். இவ்வளவு லேசான வேலை தனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்று அவர் சொன்னதாகக் கிராம சேவகர் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானத்துக்குள் வட்டம் முழுவதும் அளந்தாயிற்று, எங்கள் வீட்டுப் பக்கம் ஒழிய. நான் வீட்டுக்கு ஓடினேன். வீட்டில் எந்நேரமும் நீளச் சட்டையோடு திரியும் அம்மா அன்று சேலை உடுத்து, கட்டையில் உட்கார்ந்து, சேலையைச் சுற்றிவரப் பரப்பிவிட்டுப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்காக உடுத்தியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

உதவியாளர் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். பின்னால் அளவைக்காரர். இருவரும் வியர்த்து நனைந்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர் நின்றாலும் அம்மா முதலில் செய்கிற காரியங்கள் மூன்று: எழும்புவார், கதிரையை இழுத்துப் போடுவார், கேத்திலை அடுப்பில் ஏற்றுவார். அன்று அம்மா ஒன்றையும் செய்யவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. பூசணிக்காயை வெட்டினார்.

"அம்மா, ஆக்கள் வந்திருக்கினம்," என்றேன்.

"தெரியுது."

எனக்கு முகம் எரிந்தது. நான் வேலிப் பொட்டால் நுழைந்து மாமியிடம் ஓடி, எங்கள் வீட்டுக்குப் பெரியவர்கள் வந்திருப்பதாகவும், அம்மாவுக்குச் சுகமில்லை என்றும் சொல்லித் தேத்தண்ணி கேட்டேன். மாமி ஒன்றும் கேட்காமல் ஊற்றித் தந்தார். கண்ணாடித் தம்ளரைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, நாடாவின் நுனி மண் தரையில் அம்மாவின் சேலைக் கரையைத் தொட்டபடி கிடந்தது. அளவைக்காரர் நாடாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அடுப்பையும், சுவரையும், உள்ளறையில் திறந்து கிடந்த றங்குப்பெட்டியையும் பார்த்தார். அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. உதவியாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அளவைக்காரர் வேண்டாம் என்று கையை அசைத்தார். நாடா சுருண்டு வெளியே போயிற்று.

"அம்மா எழும்ப வேணாம். இருங்க," என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

நான் தம்ளரை நீட்டுவதற்குள் அவர் முற்றத்தைத் தாண்டிவிட்டார். வீட்டுக்கு வடக்கே நின்ற கட்டைக்கும் தெற்கே நின்ற கட்டைக்கும் இடையில் நேராகக் கயிறு பிடித்து முளை அடித்தார்கள். கயிறு எங்கள் குசினியின் பின்சுவருக்கு அப்பால், அந்தச் சுவரில் முட்டாமல் போனது; வீடு எல்லைக்கு வெளியே நின்றது.

பெர்மிட் வந்தது. மாமா பழையபடி முற்றத்துக்கு வந்தார். வட்டத்தில் ஒரு கட்டை குறைகிறது என்பதுகூடத் தெரியாத ஓர் அளவைக்காரரை எங்கள் குடும்பம் ஏமாற்றிய கதையைப் பல வருடங்களாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அளவைக்காரர் இன்னும் கொஞ்சம் முட்டாளானார். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பிறகு நானே நில அளவை படிக்கப் போனேன். ஒரு வட்டத்தைக் குறிப்பதற்கு அதன் விளிம்பில் மூன்று புள்ளிகள் போதும் என்பது முதல் வருடப் பாடம். அந்த மனிதரிடம் சுண்ணாம்பு பூசிய புள்ளிகள் வெளி நிறைய இருந்தன, அதுவும் சம தூரத்தில். குறைகிற ஒன்று எங்கே இருக்கவேண்டும் என்று அவர் குசினிக்கு வருவதற்கு முன்பே கணக்குப் பார்த்திருப்பார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்றே அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா திகைப்பார் என்று நினைத்தேன்.

அம்மா அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்: "அந்தாளுக்குத் தெரியும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான் எழும்பியிருந்தா அவர் அதைக் காணவேண்டி வந்திருக்கும். கண்டால் எழுதாமல் விட ஏலுமே?"

அன்று இதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வெயிலில் வந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போகிறார். அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமி தந்த தேத்தண்ணியை அம்மாவின் முன்னால் நின்று, அவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே உறிஞ்சி உறிஞ்சி நான் குடித்தேன்.